ஓடிய நாளில் மிகுத்துண்ணலாமா?

சென்ற ஆண்டு மழைக்காலம் கழிந்து, விளையாட்டு விழாவிற்குரிய பயிற்சிகள் தொடங்கிய நாட்களில் ஒரு மாலை, நம் கல்லூரி மாணவர் ஒருவர் என்னை அணுகி ஒரு வினா விடுத்தார். “ஐயா, உடம்பு பெருத்துவிட்டது. அதனைக் குறைக்கவேண்டி இரண்டு வாரமாக உணவைச் சுருக்கி வருகிறேன். வாரத்தில் நான்கு நாள் மாலையில் ஓடுகிறேன். ஓடிய நாளில், ஓடாத நாளைவிடச் சற்று மிகுதியாக உண்ணலாமா? அன்றி, எல்லா நாளும் ஒரே அளவுதானா?” என்பது அவர் வினா. நான் சிறிதும் தயங்காமல், “தம்பி, எல்லா நாளும் ஒரே அளவாகவே உண்ணும். ஓடிக் கரைத்ததை உண்டு நிரப்பிவிட்டால் ஓடியதன் பயன் யாது?” என்று விடை பகர்ந்தேன். சொல் நயமாய் அமைந்துவிட்டமையால் எனக்கு உள்ளூர மகிழ்ச்சியும் உண்டாயிற்று.

மூன்று வாரங்கள் சென்றன. ஒருநாள் மாலை அம்மாணவர் ஓடுகளத்தின் ஓரத்தில் தலைசுற்றி விழுந்துவிட்டார் என்னும் செய்தி வந்தது. நல்வாய்ப்பாகப் பெருந்தீங்கு யாதும் நேரவில்லை. மருத்துவர் வந்து பார்த்து, நீரும் உணவும் ஓய்வும் போதும் என்று கூறிச் சென்றார். நான் அவர் அருகில் அமர்ந்து அன்றைய உணவைப்பற்றி விசாரித்தேன். காலையில் இரண்டு இட்டிலி. நண்பகலில் சிறிது சோறும் மோரும். மாலையில் ஒன்றேகால் மணி நேர ஓட்டம். அதற்கு முன்னாள் இரவு உணவே இல்லை. “ஓடிய நாளிலும் கூட்டி உண்ணலாகாது என்று தாங்கள்தாமே சொன்னீர்கள், ஐயா” என்றார் அவர். அச்சொல்லில் குறைகூறும் குறிப்பு இல்லை. ஆயினும் அஃது என் நெஞ்சில் தைத்தது. அவர் எவ்வளவு உண்கிறார், எவ்வளவு ஓடுகிறார் என்று ஒரு வார்த்தையேனும் கேளாமல் விடை சொன்னவன் நான். அவ்வினாவிற்கு மீண்டும், இம்முறை பொறுப்போடு, விடை கூற முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் முன்பு அவ்வாறு கூறியதற்கு என் சொந்த அனுபவமே காரணம். என் தந்தையார் நீரிழிவு நோயால் பல்லாண்டு துன்புற்று, இறுதியில் ஒரு காலை இழந்தவர். நான் நாற்பது வயதை எட்டியபோது, என் இரத்தத்திலும் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறதென்றும், எட்டுக் கிலோகிராம் எடையைக் குறைத்தாலன்றித் தந்தையார் சென்ற வழியே நானும் செல்ல நேரும் என்றும் மருத்துவர் எச்சரித்தார். அன்றுமுதல் விடியற்காலத்தில் ஒரு மணி நேரம் நடக்கலானேன். ஆறு திங்கள் நடந்தும் ஒரு கிலோகிராம்கூடக் குறையவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. நான் நடந்து திரும்பும் வழியில் ஒரு தேநீர்க்கடை உண்டு. அங்கே இரண்டு உளுந்து வடையும், சர்க்கரை மிகுந்த ஒரு குவளைக் காப்பியும் அருந்தி, வீட்டிற்கு வந்து வழக்கம்போல் சிற்றுண்டியும் கொள்வேன். நடந்து களைத்தவன் உண்ணாமல் வேறு யார் உண்பது என்பது என் நியாயம். திரும்பும் வழியை மாற்றினேன், எடையும் இறங்கிற்று. தன் நோய்க்குக் கேட்ட மருந்தை ஊரார் எல்லார்க்கும் எடுத்துக் கொடுக்கும் அரைவைத்தியனைப்போல, அம்மருந்தையே அம்மாணவர்க்கும் நான் கொடுத்துவிட்டேன்.

இனி, காரியத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். உணவு உடலினுள் எரிந்து வெப்பமாகவும் வேலையாகவும் மாறுகிறது என்பதை அளந்து காட்டியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க நாட்டு அறிஞர் ஆட்வாட்டர் என்பார். 1890-களில் கனெக்டிகட் மாநிலத்து மிடில்டவுன் நகரிலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், ஆள் ஒருவர் பல நாள் தங்கக்கூடிய ஓர் அடைத்த அறையை அவர் அமைத்தார். உள்ளிருப்பவர் உண்பதும், உறங்குவதும், நிலையான மிதிவண்டியை மிதிப்பதும் ஆகிய எல்லாவற்றிற்கும் செலவாகும் வெப்பம் அங்கே அளக்கப்பட்டது. ஒரு கிராம் மாச்சத்தும் ஒரு கிராம் புரதமும் தனித்தனியே ஏறக்குறைய 4 கலோரி தரும், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும் என்று இன்றும் நாம் வழங்கும் கணக்கு அவருடைய உழைப்பால் நிலைபெற்றதே. உடல் வரவு செலவு தப்பாத ஒரு வணிகர். வரவு குறைந்தால் சேமித்த கொழுப்பிலிருந்து எடுத்துச் செலவிடும். உடம்பைக் குறைத்தலின் முழு இரகசியமும் இவ்வளவே.

நம் நாட்டு அளவுகளையும் அறிந்துகொள்வோம். 1918-இல் நீலகிரியிலுள்ள குன்னூரில் சிறு ஆராய்ச்சிப் பிரிவாகத் தோன்றி, 1958-இல் ஐதராபாத்திற்கு மாறிய தேசிய உணவூட்ட ஆராய்ச்சி நிலையம், 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுகளின்படி, 65 கிலோகிராம் எடையுள்ள ஆடவர், அமர்ந்து செய்யும் தொழிலினராயின் நாளொன்றுக்கு 2,110 கலோரியும், நடுத்தர உழைப்பினராயின் 2,710 கலோரியும், கடும் உழைப்பினராயின் 3,470 கலோரியும் வேண்டுபவர் ஆவர். 55 கிலோகிராம் எடையுள்ள பெண்டிர்க்கு இவை முறையே 1,660, 2,130, 2,720 ஆகும். நாளெல்லாம் உழைப்பவர்க்கும் நாளெல்லாம் அமர்ந்திருப்பவர்க்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது. ஆனால் நாளெல்லாம் வகுப்பில் அமர்ந்திருந்து மாலையில் மட்டும் ஒரு மணி நேரம் நடப்பவர், அவ்வொரு மணி நேரத்தால் கடும் உழைப்பாளியாகி விடுவதில்லை.

65 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஐந்து கிலோமீட்டர் நடந்தால் ஏறக்குறைய 230 கலோரி செலவாகும். ஆனால் அவர் நடவாமல் நாற்காலியில் அமர்ந்திருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தில் 65 கலோரிக்குக் குறையாமல் செலவழித்திருப்பார். எனவே நடையால் வந்த மிகுதிச் செலவு 160 அல்லது 170 கலோரியே. ஓர் இட்டிலி 50 முதல் 60 கலோரி தருமாதலின், ஒரு மணி நேர நடைக்கு ஈடாவது மூன்று இட்டிலி. அதுவும் சட்டினி இல்லாமல். அதே ஐந்து கிலோமீட்டரை ஓடிக் கடந்தால் செலவு ஏறக்குறைய 300 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி தரும் என்பதை நினைப்போமாயின், எண்ணெயில் பொரித்த பலகாரம் இரண்டும் இனிப்பிட்ட காப்பியும் ஒரு மணி நேர நடையை எவ்வளவு எளிதில் விழுங்கிவிடும் என்பது விளங்கும். நடப்பதற்கு ஒரு மணி நேரம். விழுங்குவதற்கு ஐந்து நிமிடம்.

இக்காலத்து மாணவர் பலர் மணிக்கட்டில் ஒரு கருவியை அணிந்து, அது காட்டும் கலோரி எண்ணை நம்பி, அவ்வளவையும் உண்ணத் தமக்கு உரிமை உண்டென்று கருதுகின்றனர். 2017-ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் இத்தகைய ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்துப் பார்த்தனர். நாடித்துடிப்பை அவற்றுள் ஆறு கருவிகள் நன்றாகவே காட்டின. ஆயின் செலவான கலோரியைக் காட்டுவதில், மிகச் சிறந்த கருவியே சராசரி 27 விழுக்காடு பிழைபட்டது. மிகத் தாழ்ந்தது 93 விழுக்காடு பிழைபட்டது. தராசு தவறென்று அறிந்தும் அதில் நிறுத்துப் பொன் வாங்குவார் உண்டோ? அக்கருவி நடந்த தூரத்தையும் நாடியையும் அறிய உதவுக. உண்ணும் உரிமைச்சீட்டாக அதனைக் கொள்ளற்க.

“கருவி வேண்டா, பசியே தக்க வழிகாட்டி அன்றோ?” என்று சிலர் வினவுவர். பசி நல்ல வழிகாட்டியே. ஆயினும் அது நேரம் தவறி வருவது. 1955-ஆம் ஆண்டில் எட்ஹோம் என்னும் ஆங்கில அறிஞரும் அவருடைய துணைவர்களும், படைத்துறை மாணவர் 12 பேருடைய உழைப்பையும் உணவையும் இரண்டு வாரம் நாள்தோறும் அளந்தனர். மிகுதியாக உழைத்த நாளில் அவர்கள் மிகுதியாக உண்ணவில்லை. அவ்வுழைப்பிற்கேற்ற உணவு மிகுதி இரண்டு நாள் கழித்தே தென்பட்டது. இந்த இரண்டு நாள் என்னும் கணக்கைப் பிற்கால ஆராய்ச்சிகள் எல்லாம் அவ்வாறே உறுதி செய்யவில்லை. எனினும், ஒரு நாளின் உழைப்பும் அதே நாளின் உணவும் ஒத்து நடப்பதில்லை என்னும் உண்மை நம் அனுபவத்திற்கும் பொருந்துவதே. கடும் பந்தாட்டம் முடிந்த உடனே சோறு வேண்டாதவர், மறுநாளோ அதற்கு மறுநாளோ காரணம் அறியாமல் பந்தியில் வெளுத்து வாங்குவதை நம் விடுதியில் எவரும் காணலாம்.

பசியைப்பற்றிய மற்றொரு செய்தி நம் நாட்டிலிருந்தே கிடைத்தது. 1956-இல் மேயர் என்னும் அறிஞர் இந்தியத் துணைவர்களோடு, மேற்கு வங்காளத்துச் சணல் ஆலை ஒன்றைச் சார்ந்த இருநூறுக்கு மேற்பட்டவர்களை ஆராய்ந்தார். கடையில் நாள் முழுதும் அமர்ந்திருப்பவர்முதல் மூட்டை சுமப்பவர்வரை அங்கே எல்லா வகையினரும் இருந்தனர். மிதமான உழைப்பிலிருந்து கடும் உழைப்புவரை, உழைப்பு ஏற ஏற உணவும் ஏறிற்று. எடை ஒரே நிலையில் நின்றது. ஆனால் உழைப்பே இல்லாதவரிடம் இவ்வொழுங்கு குலைந்துபோயிற்று. அவர்கள் கடும் உழைப்பாளிக்கு நிகராக உண்டனர். எடையிலும் அவர்களே மிக்கு நின்றனர். ஆகவே உடலை இயக்குபவரிடமே பசி உண்மை பேசுகிறது. நாள்முழுதும் அமர்ந்திருந்து ஒருநாள் மட்டும் ஓடிவந்தவரிடம் அஃது உண்மை பேசும் என்று நம்புதல் அரிது.

இன்னொரு நுட்பமும் உண்டு. வடக்குத் தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹாட்சா மக்களின் செலவை பொன்ட்சர் என்பாரும் பிறரும் அளந்து 2012-இல் வெளியிட்டனர். நாள்தோறும் நெடுந்தூரம் நடக்கும் அம்மக்கள், அவர்கள் உடலளவுக்கு ஒப்பிட, நகரத்தில் அமர்ந்து வாழ்வோரைக்காட்டிலும் மிகுதியாகச் செலவழிப்பவராகக் காணப்படவில்லை. உழைப்பு ஒருபுறம் ஏறினால் உடல் மறுபுறம் சிக்கனம் பிடிக்கிறது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். இஃது எவ்வளவிற்கு உண்மை என்பதில் அறிஞர்களிடையே வாதம் உண்டு. ஆனால் விடியலில் ஓடியவர் பகலெல்லாம் கட்டிலில் சாய்ந்து கிடப்பதை நாம் அறிவோம். ஓட்டம் கணக்கில் ஏறுகிறது. சாய்ந்து கிடந்தது ஏறுவதில்லை.

இதுகாறும் கூறியவை அனைத்தும் என் பழைய விடைக்கு அரணாக நிற்பவையே. இத்துடன் கட்டுரையை முடித்துவிட்டால், அம்மாணவர் மயங்கி விழுந்ததற்கு விடையில்லாமற்போகும். ஆதலின் நாணயத்தின் மறுபுறத்தையும் காண்போம்.

இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944-45-ஆம் ஆண்டுகளில், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பார் ஓர் அரிய சோதனை நடத்தினார். போர்த்தொழிலை மனச்சான்றின்படி மறுத்த 36 இளைஞர்கள், பஞ்சத்தால் வாடிய மக்களுக்கு உதவும் அறிவு பிறக்கட்டும் என்று தாமே முன்வந்து அதற்கு உடன்பட்டனர். 24 வாரம் அவர்கள் முன்பு உண்டதில் ஏறக்குறைய பாதியே உண்டனர். வாரந்தோறும் 35 கிலோமீட்டர் நடக்கவும் செய்தனர். அவர்கள் எடையில் ஏறக்குறைய கால்பங்கு கழிந்தது. கழிந்தது கொழுப்பு மட்டுமன்று. வலிமை குன்றிற்று; நாடி தளர்ந்தது; கோடையிலும் குளிர் வாட்டியது; நகைச்சுவை மறைந்து சிடுசிடுப்பு மிகுந்தது; நினைவும் பேச்சும் கனவும் உணவைப்பற்றியே ஆயின. அவர்கள் முதலில் திடமான உடலினர் என்பதை மறவற்க. கொழுத்த உடலினர்க்கு இந்நிலை விரைவில் வாராது. எனினும் மிகக் குறைத்து உண்டுகொண்டே மிக உழைப்பவர் செல்லும் திசை இதுவே.

இதனினும் நுட்பமான ஒன்றை 2003-இல் அமெரிக்காவின் ஒகையோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லௌக்ஸ் என்னும் அம்மையார் கண்டறிந்தார். உண்ட கலோரியிலிருந்து பயிற்சிக்குச் செலவானதைக் கழித்து, எஞ்சியதை உடலின் கொழுப்பல்லாத பகுதியின் எடையால் வகுத்துப் பார்த்தார். கிலோகிராம் ஒன்றிற்கு 30 கலோரிக்குக் கீழே அஃது இறங்கியபோது, ஐந்தே நாளில், இளம்பெண்களின் மாதவிலக்கை ஆளும் சுரப்பு நீர்களின் ஒழுங்கு குலையத் தொடங்கிற்று. ஓர் எடுத்துக்காட்டு: 52 கிலோகிராம் எடையுள்ள ஒரு மாணவியின் உடலில் கொழுப்பு கால்பங்காயின், எஞ்சியது 39 கிலோகிராம். அதனை 30-ஆல் பெருக்க வருவது 1,170 கலோரி. இது நலத்தின் அளவன்று, கேட்டின் வாயில். அவர் 400 கலோரி செலவாகுமாறு ஓடிய நாளில் அவ்வாயில் 1,570-இற்கு ஏறிவிடுகிறது. ஓடாத நாளில் 1,400 கலோரி உண்டு தீங்கின்றி இருந்தவர், ஓடிய நாளிலும் அதே 1,400 உண்பாராயின் வாயிலைக் கடந்துவிடுகிறார். ஆடவர்க்கு இவ்வெல்லை இன்னும் சற்றுத் தாழ்வாக இருக்கலாம். ஆயினும் அவர்க்கும் எல்லை என்று ஒன்று உண்டு. எலும்பு மெலிதல், அடிக்கடி நோயுறல், புண் ஆறாமை, மனச்சோர்வு ஆகியவை இதன் விளைவுகள் என்று 2014-இல் அனைத்துலக ஒலிம்பிக் குழுவினரும் அறிக்கை விடுத்து எச்சரித்தனர்.

ஆகவே, “மிகுத்துண்ணலாமா?” என்னும் வினாவிற்கு எல்லார்க்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. செய்த பயிற்சி எவ்வளவு, முன்னரே குறைத்த உணவு எவ்வளவு என்னும் இரண்டையும் கேட்டே விடை கூறல்வேண்டும். என் துணிபு வருமாறு: ஒரு மணி நேர நடையோ, அரைமணி நேர எளிய பயிற்சியோ செய்தவர் அதற்கென ஒன்றும் கூட்டி உண்ணவேண்டுவதில்லை. அரைமணிமுதல் ஒரு மணி நேரம்வரை ஓடியோ பந்தாடியோ வருபவர், தம் உணவை நாளொன்றுக்கு 400 அல்லது 500 கலோரிக்குமேல் குறைக்காதவராயின், உணவைக் கூட்டாமல் அதன் நேரத்தை மாற்றிக்கொண்டாலே போதும். அதற்குமேலும் களைப்பு நீங்காவிடின், செலவானதில் மூன்றிலொரு பங்கைக் கூட்டலாம். ஒரு மணி நேரத்திற்கு மேற்பட்டுக் கடுமையாக உழைப்பவர், செலவானதில் ஏறக்குறைய பாதியை அவசியம் கூட்டி உண்ணல்வேண்டும். மறுபாதி கொழுப்பிலிருந்து வரட்டும். 70 கிலோகிராம் எடையுள்ளவர் பத்துக் கிலோமீட்டர் ஓடினால் 700 கலோரி செலவாகிறது. 350 கலோரி கூட்டி உண்டாலும் இன்னும் 350 அவர்க்கு ஆதாயமே. அன்று என்னிடம் வினவிய மாணவர் இவ்வகையினர்; நான் அவர்க்குக் கூறியதோ முதல் வகையினர்க்குரிய விடை.

இம்மூவகையிலும் அடங்காதாரும் உளர். வளரும் பருவத்துச் சிறுவர், கருவுற்ற பெண்டிர், இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் வேறு மருந்தோ கொள்பவர், போட்டிக் காலத்தில் நாள்தோறும் இருமுறை பயில்பவர் ஆகியோர் தாமே கணக்கிட்டு உணவைக் குறைத்தல் ஆகாது. மருத்துவரைக் கேட்டே செய்க.

எப்பொழுது உண்பது என்பதும் கருதத்தக்கதே. தசையில் ஏறக்குறைய 400 கிராமும் ஈரலில் 100 கிராமும் மாச்சத்து சேமித்து வைக்கப்பட்டுள்ளது. அது குறைந்தாலும், ஒருநாள் இடைவெளியில் வழக்கமான உணவாலேயே பெரும்பாலும் நிரம்பிவிடும். ஆட்டம் முடிந்த அரைமணிக்குள் உண்ணாவிடில் எல்லாம் வீண் என்று அஞ்சவேண்டா. ஒரே நாளில் இரண்டாம் முறை ஆடவேண்டியவர்க்கே அவ்விரைவு தேவை. மாலையில் ஓடுபவர் நண்பகலுணவைச் சுருக்காமல் உண்டு, ஓடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னர் ஒரு வாழைப்பழமும், ஓடிய பின்னர் இரவுணவும் கொள்வாராயின், நாளின் மொத்தம் ஏறாமலே களைப்பு பெரிதும் தணியும். அம்மாணவர் இரவுணவை விட்டதும் நண்பகலுணவைச் சுருக்கியதும் ஓட்டத்திற்கு முன்னும் பின்னுமாக அவர் வெட்டிய இரு குழிகள்.

என்ன உண்பது என்பது இன்னும் பெரிது. 2016-இல் கனடா நாட்டு மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 40 இளைஞர்களை நான்கு வாரம் கடும் பயிற்சியிலும் மிகச் சுருங்கிய உணவிலும் வைத்தனர். எடைக் கிலோகிராம் ஒன்றிற்கு 1.2 கிராம் புரதம் உண்டவர்கள் 3.5 கிலோகிராம் கொழுப்பை இழந்து, தசையை இழவாமல் காத்துக்கொண்டனர், 2.4 கிராம் உண்டவர்களோ 4.8 கிலோகிராம் கொழுப்பை இழந்து, 1.2 கிலோகிராம் தசையைப் பெற்றும் இருந்தனர். அத்துணை மிகுதி நம்மனோர்க்கு வேண்டுவதன்று. ஆயினும் நம் தட்டில் சோறு மலையாகவும் பருப்பு ஓடையாகவும் இருப்பது நன்றன்று. கூட்டி உண்ணவேண்டிய நாளில் கூட்டவேண்டியது சுண்டலும் பயறும் முட்டையும் தயிரும் மீனுமே. வடையும் பொரித்த அப்பளமும் அல்ல.

“நாளுக்கொரு அளவு என்பது தொல்லை, எந்நாளும் ஒரே அளவாக உண்டால் என்ன?” என்று கேட்பார்க்கும் விடை உண்டு. அப்படியும் செய்யலாம். கொழுப்பு கரைவது ஒரு நாளின் கணக்கால் அன்று. பல வாரத்தின் மொத்தத்தால். நான்கு நாள் ஓட்டத்திற்குக் கூட்டவேண்டிய உணவை ஏழு நாளுக்கும் பங்கிட்டு உண்பதும், ஓடிய நாளுக்கே வைத்து உண்பதும் வாரக் கடைசியில் ஒரே தொகைதான். எதனை ஒருவர் மனமுவந்து ஆறு திங்கள் கைக்கொள்ள முடியுமோ அதுவே அவர்க்குச் சிறந்த வழி. ஆனால் ஒரே அளவு என்று சொல்லி, ஓட்டமே இல்லாததுபோல் கணக்கிட்டு, அவ்வளவையே ஓடும் நாளிலும் உண்பது பங்கீடு ஆகாது, அது மறதி.

உணவைப் பயிற்சிக்குக் கூலியாகக் கருதுவதும், பயிற்சியை உணவிற்குத் தண்டனையாகக் கருதுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். முதற்பிழை என்னுடையது, இரண்டாம் பிழையில் அம்மாணவரை வீழ்த்தியதில் எனக்கும் பங்குண்டு. விருந்துண்ட மறுநாள் பட்டினியோடு ஓடித் தீர்ப்பேன் என்பவர், ஓட்டத்தை நாளடைவில் வெறுக்கக் கற்றுக்கொள்கிறார். நடையும் ஓட்டமும் எடையைக் குறைக்காதபோதும் நெஞ்சிற்கும் இரத்தத்திற்கும் உறக்கத்திற்கும் நன்மை செய்பவை. அவற்றிற்கு உணவின் வழியாக விலை பேசவேண்டுவதில்லை.

விடுதிச் சாப்பாட்டை மேற்பார்க்கும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் விடுதியில் மாலைச் சிற்றுண்டி பெரும்பாலும் எண்ணெயில் பொரித்ததாகவே அமைகிறது. ஓடாதவர் அதனை வேண்டாத அளவு உண்கின்றனர். எடை குறைக்க விரும்பி ஓடுபவர் அதனை அஞ்சி வெறும் வயிற்றோடு களத்திற்குச் செல்கின்றனர். பயிற்சி நாட்களிலேனும் வேகவைத்த கடலைச் சுண்டலும் வாழைப்பழமும் மோரும் வைக்கப்படுமாயின் இருசாரார்க்கும் நன்மை விளையும். செலவும் மிகாது. உலர்ந்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் உண்டு என்பதை அவர்கள் கருதிப் பார்ப்பார்களாக.

மாணவ நண்பர்களே! கலோரிக் கணக்கு உங்களுக்குக் கசப்பாயின், உடல் காட்டும் குறிகளையேனும் கவனியுங்கள். வாரம் அரைக்கிலோகிராம் அளவில் எடை இறங்கி, உறக்கமும் படிப்பும் ஓட்டமும் செவ்வனே நடக்குமாயின் நீங்கள் உண்பது போதும். எடை இறங்காமல் நிற்குமாயின், திரும்பும் வழியில் ஒரு தேநீர்க்கடை இருக்கிறதா என்று பாருங்கள். எடை விரைந்து இறங்கி, படியேறுகையில் கால் நடுங்கி, புத்தகத்தில் மனம் நில்லாது, எந்நேரமும் உணவே நினைவாயின், அன்றே உணவைக் கூட்டுங்கள். எவர் சொல்லுக்கும் காத்திராதீர்கள், ஆசிரியர் சொல்லுக்குங்கூட.

அம்மாணவர் இப்பொழுது நலமாக இருக்கிறார். ஓடும் நாளில் நண்பகலில் வயிறார உண்டு, ஓடியபின் சுண்டலும் இரண்டு முட்டையும் கூட்டி உண்கிறார். எடை முன்னைவிட மெதுவாகவே இறங்குகிறது, ஆனால் இறங்குகிறது. சென்ற திங்கள் அவர் மீண்டும் என்னிடம் வந்து, ஓடாத நாளில் முட்டையை விட்டுவிடலாமா என்று கேட்டார். நான் உடனே விடை சொல்லவில்லை. “உட்காரும், தம்பி, நேற்று என்னென்ன உண்டீர் என்று முதலில் சொல்லும்” என்றேன்.